எலிக்குப் பயம் இருக்கட்டும்: எங்கள் வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கு,

சென்னை, கோவை, சிங்கப்பூர், பினாங்கு என்று நாலா பக்கமும் இருக்கும் பெரியப்பச்சி, அண்ணன்மார், தம்பிமார், ஆச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். வைகாசியில் பெரியப்பச்சியின் சாந்திக் கல்யாணம் நம் வீட்டு வளவு முற்றத்திலேயே நடக்கப்போகிறது என்று கேட்டதில் இங்கே ஊரில் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். அதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் பண்ணுவது என்று வாட்ஸாப் குழுவில் நீங்கள் போட்ட தீர்மானங்களைப் படித்த பிறகுதான் தூக்கம் போனது. வீடு முழுக்க எலி மருந்து வைப்பது, மேல்மாடிப் பரணில் இருக்கிற கூகை ஆந்தையை விரட்டிவிட்டு அந்த ஜன்னலைப் பலகை வைத்து அடிப்பது, தோட்டத்துச் சாரையை ஆள் வைத்து அடிப்பது, மூன்றாம் கட்டுப் பகுதியில் ராத்திரி ஓடுகிற எல்லாவற்றையும் ஒழிப்பது. இவ்வளவுக்கும் ஒரே ஆளிடம் மொத்தமாகப் பேசி முன்பணமும் கொடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டேன்.

குழுவிலேயே பதில் எழுதியிருக்கலாம். எழுதினால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவே அது காணாமல் போகும். அதோடு பக்கத்து வீதியிலும் அடுத்த ஊரிலும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீட்டுக்காரர்கள் இதே மாதிரி ஆட்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், எலிக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எனக்கு எலி மேல் தனிப் பாசம் இருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. எலியின் மூத்திரம் பட்ட தண்ணீரில் எலிக்காய்ச்சல் வருகிறது. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும், அதற்குப் பர்மா தேக்கும் ஒன்றுதான், போன வருஷம் புதிதாக இழுத்த ஒயரும் ஒன்றுதான். கல்யாண வீட்டில் எலி இருக்கக்கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடே இல்லை. நீங்கள் எடுத்திருக்கிற வழியில் எலி குறையாது, எலிக்கு இருக்கிற பயம்தான் குறையும். அதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்கில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது என்பதால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். வீட்டெலி சினைப்பட்டால் 21 முதல் 23 நாளில் குட்டி போட்டுவிடும். ஒரு ஈட்டுக்கு ஆறு, எட்டு. குட்டி போட்ட ஒன்றிரண்டு நாளுக்குள் திரும்பவும் சேரும், அதாவது இந்த ஈட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈட்டை வயிற்றில் சுமக்கும். மூன்று மாதத்தில் பெண் குட்டிகளும் குட்டி போடத் தயார். சுண்டெலி இன்னும் வேகம், ஒன்றரை மாதமே போதும். இது கூட்டு வட்டி. அசலில் முக்கால்வாசியை அடைத்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்தால் மிச்சக் கால்வாசி என்ன செய்யும் என்று நம் வீட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் உலகம் முழுக்க எலியாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இல்லை, ஏனென்றால் பெரும்பாலான எலிகள் ஒரு வருஷம்கூட உயிரோடு இருப்பதில்லை. பிறப்பு எவ்வளவு வேகமோ சாவும் அவ்வளவு வேகம். எத்தனை எலி தங்கும் என்பதைத் தீர்மானிப்பது தீனியும் ஒளிய இடமும்தான். 1940களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் டேவிட் டேவிஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் தெருத் தெருவாக எலிகளை எண்ணிப் பார்த்தார்கள். பிடித்துக் கொன்ற தெருக்களில் கொஞ்ச காலத்தில் எலி பழைய எண்ணிக்கைக்கே வந்துவிட்டது. குப்பையையும் உடைசலையும் அகற்றிய தெருக்களில்தான் குறைந்தது குறைந்தபடி நின்றது. காரணம் ரொம்ப நுட்பமானதில்லை. பாதியைக் கொன்றால் மீதிப் பாதிக்குத் தீனி இரட்டிப்பு, இடம் இரட்டிப்பு, குட்டிகள் அதிகம் பிழைக்கும். அதுவும் நம் ஊரில் தையிலும் மாசியிலும் கண்மாய்ப் பாசன வயல்களில் அறுப்பு முடிந்ததும் வரப்பு வளைகளில் இருப்பவை தீனி தேடி வெளியே கிளம்பி வீடுகளுக்கு வரும். இப்போது பங்குனி. இன்றைக்கு நீங்கள் காலி பண்ணினாலும் அந்த இடத்துக்கு வர வெளியே ஆள் காத்துக்கொண்டிருக்கிறது.

சரி, நம் வீட்டில் தீனியும் ஒளிய இடமும் எங்கே இருக்கிறது? இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அறை, சாவி அவரவர் ஊரில். சில அறைகள் திறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. உள்ளே இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, கோரைப்பாய், பழைய பேரேடு, முறைச் சாமான் வந்த அட்டைப்பெட்டிகள், முன்னோர் படைப்பு ஒன்றுக்கு யாரோ வாங்கி மிஞ்சிய அரிசி மூட்டை. எலிக்குட்டி பிறக்கும்போது உடம்பில் முடி கிடையாது, கண் திறந்திருக்காது, தானாகச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்ளவும் தெரியாது. பொட்டலில் குட்டி போடுகிற காட்டுமுயலைப் பாருங்கள், அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும், ஏனென்றால் அதற்கு வளையும் இல்லை மறைப்பும் இல்லை, பிறந்த அன்றே புல்லோடு புல்லாக அசையாமல் படுத்திருக்கத் தெரிய வேண்டும். எலியால் அப்படிப் பச்சை மாமிசமாகக் குட்டி போட முடிகிறதென்றால், இருட்டும் கதகதப்பும் உள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடம் அதற்கு வேண்டும். அந்த இடத்தைத்தான் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். மருந்து வைக்கிற ஆள் பூட்டின அறைக்கு வெளியேதான் வைப்பான்.

இனி பயத்துக்கு வருகிறேன்.

வளவின் வெள்ளைச் சுவரில், தரையிலிருந்து ரெண்டு விரற்கடை உயரத்தில், இரண்டாங்கட்டு நிலையிலிருந்து அடுப்படி வரைக்கும் கன்னங்கரேலென்று ஒரு கோடு ஓடுகிறது. சுண்ணாம்பு அடிக்கிறவர் அதை ஈரக்கசிவு என்றார். அது எலிப்பாதை. ராத்திரிக்கு ராத்திரி சுவரை உரசிக்கொண்டே போவதால் உடம்பில் இருக்கிற எண்ணெயும் அழுக்கும் பட்டுப் பட்டு ஏறிய கறை. விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். மூலையில் கோடு கொஞ்சம் வளைந்து போகிறது, ஏனென்றால் அங்கே ஒரு காலத்தில் அண்டா இருந்தது. அண்டாவை எடுத்துப் பல மாதம் ஆகியும் சில எலிகள் பழைய வளைவிலேயே போவதைப் பார்த்திருக்கிறேன். நடு வளவில், ஆத்தங்குடிக் கல் பளபளவென்று வெட்டவெளியாகக் கிடக்கிற இடத்தில், ஒரு கறை கிடையாது, ஒரு புழுக்கை கிடையாது. மேலே வானம் தெரிகிற இடத்தை எலி மிதிக்காது. அதன் கண்கள் இரண்டும் தனித்தனியாக எந்தப் பக்கம் திரும்பினாலும் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்வையிலிருந்து விடுவதில்லை என்று ஜெர்மனியில் 2013 இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். சுண்டெலியின் தலைக்கு மேலே திரையில் ஒரு கரும்புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டினால் போதும், ஓடி ஒளியும், இல்லையென்றால் அப்படியே உறைந்து நிற்கும். முன்னே பின்னே பருந்தையே பார்த்திராத, கூண்டில் பிறந்த சுண்டெலி!

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் பர்ட் காட்லர் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் பெரிய வலைக்கூண்டு கட்டி, நம் ஊர் வெள்ளெலிக்குச் சொந்தக்கார எலிகளை விட்டு, தட்டுகளில் மணலோடு விதையைக் கலந்து வைத்தார்கள். உள்ளே பழக்கிய கூகைகளைப் பறக்கவிட்ட ராத்திரிகளில் எலிகள் வெட்டவெளித் தட்டில் விதையைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் புதர் ஓரத்துத் தட்டுக்கு ஒதுங்கின. வெளிச்சம் அதிகமான ராத்திரிகளிலும் அப்படித்தான். தட்டில் எவ்வளவு விதை மிச்சம் இருக்கிறது என்று எடை போட்டே எங்கே எவ்வளவு பயம் என்று அளந்துவிட்டார்கள். கூகை ஒரு எலியைக்கூடப் பிடிக்க வேண்டியதில்லை, அது பறக்கிறது என்பதே போதும், எலி சாப்பிடுவது குறைகிறது. சாப்பிடுவது குறைந்தால் குட்டிக்குப் பால் குறையும்.

பயத்தால் பிறப்பே குறையுமா என்று கேட்டால், சில பிராணிகளில் ஆம். கனடாவின் யூகான் பகுதியில் பனிமுயல்களை வைத்துப் பார்த்தார்கள், 2009 இல் வெளியான ஆய்வு. சினை முயல்களின் பட்டிக்குள் அவ்வப்போது ஒரு நாயை உலாவவிட்டார்கள், கடிக்க விடவில்லை, சும்மா உலாவத்தான். அந்த முயல்களுக்கு உயிரோடு பிறந்த குட்டிகள் குறைவு, பிறந்தவையும் எடையில் சிறுத்தவை. மன அழுத்தச் சுரப்பு ரத்தத்தில் ஏறியதுதான் காரணம். இதைப் படித்துவிட்டு ரொம்பவும் துள்ளிக் குதிக்க வேண்டாம். பின்லாந்தில் ஒரு வகைக் காட்டெலிக்கு வீசல் என்ற சின்ன வேட்டைப் பிராணியின் வாடையைக் காட்டினால் இனப்பெருக்கமே நின்றுபோகிறது என்று முதலில் சொன்னார்கள், அதையே திறந்தவெளியில் செய்து பார்த்தபோது அப்படி ஒன்றும் தெளிவாக வரவில்லை. ஆக, கூகை பரணில் இருந்தால் நம் வீட்டு எலிக்குக் கருவே தங்காது என்று நான் சொல்லவில்லை. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம்: பயந்த எலி எங்கே போகும், எப்போது போகும் என்று நமக்குத் தெரியும். சுவரோரம் போகும், இருட்டில் போகும், அதே தடத்தில் போகும். அதைப் பிடிக்கலாம்.

மருந்து தின்ற எலி அப்படி இல்லை. உங்கள் ஆள் வைக்கப்போகிற நீலநிறக் கேக்கில் இருப்பது ப்ரோமடையலோன். ரத்தம் உறையாமல் செய்கிற மருந்து. இதய வால்வு மாற்றினவர்களுக்கு டாக்டர்கள் எழுதுகிற வார்ஃபரினுக்குச் சித்தப்பன் பிள்ளை, ஆனால் பல மடங்கு வீரியம். எலி தின்ற உடனே சாகாது. நாலைந்து நாள் ஆகும். உடனே வயிற்றைப் புரட்டினால் அடுத்த எலி தொடாது என்பதால்தான் இப்படி மெதுவாக வேலை செய்கிற மருந்தைப் பிடித்தார்கள். எலி புதுப் பண்டத்தைக் கண்டால் ஒதுங்கும், கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாழ்நாளுக்கும் அந்தப் பக்கம் போகாது. உரக்கடையில் வாங்கிக் கலக்கிற கறுப்புத் தூள், அந்தத் துத்தநாகப் பாஸ்பைடு, ரெண்டாவது தடவை பலிக்காமல் போவதும் இதனால்தான். சரி, இந்த நாலைந்து நாளில் என்ன ஆகிறது? உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சோர்ந்துபோன எலி பட்டப்பகலில் முற்றத்தின் நடுவே தள்ளாடிக்கொண்டு வரும். சுவரை விட்டு விலகும். ஆளைக் கண்டால் ஓடாது. எத்தனையோ தலைமுறையாக அதன் உடம்பில் ஊறிய எச்சரிக்கை எல்லாம் போய்விடும். அந்த எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும், ஏனென்றால் அதுதான் பிடிக்கச் சுலபம். மருந்து எலியின் ஈரலில் தங்கியிருக்கும், அங்கிருந்து கூகையின் ஈரலுக்குப் போகும், அங்கே மாதக்கணக்கில் கிடக்கும்.

பினாங்குத் தம்பிக்கு இது தெரிந்திருக்கும், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்களே, அது கூகைக்குத்தான். எலி செம்பனைப் பழத்தைக் கொறித்து நாசம் பண்ணுகிறது என்று மலேசியாவில் கூகைக்கு வீடு கட்டிக்கொடுக்கிறார்கள். அங்கேயே 1980களில் பழைய வார்ஃபரினை விட்டுவிட்டு இந்தப் புதுத் தலைமுறை மருந்துகளுக்கு மாறின தோட்டங்களில் கூகைகள் குறைந்துபோனதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். செலவு பண்ணிப் பெட்டி வைத்துக் கூப்பிட்ட பறவை அது. நம் வீட்டுக்கு அதுவாக வந்திருக்கிறது.

பரணில் இப்போது குஞ்சுகள் இருக்கின்றன. மேல்மாடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி சத்தம் கேட்கிறது, பேய் என்று காவல்காரர் சொன்னதாகக் குழுவில் போட்டிருந்தீர்களே, அது குஞ்சுகள் தீனி கேட்கிற சத்தம். ஒன்று பெரிசு, ஒன்று அதைவிடச் சின்னது, கடைசிக்குட்டி இன்னும் வெள்ளைப் பஞ்சாக இருக்கிறது. கூகை ரெண்டு மூன்று நாளுக்கு ஒரு முட்டையாக இட்டு முதல் முட்டையிலிருந்தே அடைகாக்க ஆரம்பிப்பதால் இப்படி மூத்தது இளையதாகப் பொரியும். எலி நிறையக் கிடைத்தால் கடைசிக்குட்டியும் பிழைக்கும், இல்லையென்றால் பிழைக்காது. அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க ரெண்டு மாதம், அது பெரிதாகி முட்டையிட ஏறக்குறைய ஒரு வருஷம். இப்போது மேலே சொன்ன எலிக்கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரெண்டையும் ஒன்றாக விஷம் வைத்துக் கொன்றால் எது முதலில் திரும்பி வரும்? சாக்குருவி என்றும், அது கத்தினால் வீட்டில் ஒரு உயிர் போகும் என்றும் பெரியவர்கள் சொன்னதை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். கத்தின ராத்திரியில் போன உயிர்கள் எல்லாம் பரணுக்குக் கீழேயே எலும்பாகக் கிடக்கின்றன, வந்து பாருங்கள்.

நிஜமாகவே கிடக்கின்றன. கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். புதிதாக விழுந்தது கருப்பாகப் பளபளக்கும், நாலு நாளில் சாம்பல் நிறமாகக் காய்ந்துவிடும். அப்படி ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துத் தென்னங்குச்சியால் பிரித்தேன். மூன்று மண்டையோடு இருந்தது. ரெண்டில் முன்பல் நீளமாக, முன்பக்கம் ஆரஞ்சு நிறத்தில், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளியோடு, அது எலி. மூன்றாவது நீண்டு ஒடுங்கிய மண்டை, இடைவெளியே இல்லாமல் வரிசையாக வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் பல், அது மூஞ்சூறு.

மூஞ்சூற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போன மாதம் காவல்காரர் விளக்குமாற்றால் அடித்துப் படம் எடுத்து அனுப்பி, நீங்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினீர்களே அந்த "எலிக்குட்டிகள்" மூஞ்சூறு. மூஞ்சூறு எலிக் குடும்பமே இல்லை. அந்தப் பல்லால் தேக்கைக் கொறிக்க முடியாது, நெல்லைத் தொடாது. கரப்பான், பூச்சி, புழு, இதுதான் சாப்பாடு, அதுவும் கொஞ்ச நேரத்துக்கொரு தடவை சாப்பிட்டாக வேண்டும், அப்படி ஒரு உடம்பு அதற்கு. குட்டிகளை இடம் மாற்றும்போது முதல் குட்டி தாயின் வாலடியைக் கவ்விக்கொள்ளும், அடுத்தது அதன் பின்புறத்தை, அடுத்தது அதற்குப் பின்னால் இருப்பதை, அப்படியே சுவரோரம் ஒரே சரமாகப் போகும். வழியில் தனியாகப் பிரிந்தால் ஆபத்து என்பதால் ஏற்பட்ட பழக்கம். நாற்றம் அடிக்கும், உண்மைதான், விலாவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அந்த நாற்றத்தால்தான் பூனை அதைக் கொன்றாலும் தின்பதில்லை. ஆனால் பிள்ளையார்பட்டிக்குப் போய் முதல் பத்திரிகை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து, அவருடைய வாகனத்தை விளக்குமாற்றால் அடிப்பது எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது.

பூனை வளர்க்கலாமே என்று சென்னை அண்ணன் கேட்டிருந்தார். ரெண்டு தெருப்பூனை ஏற்கெனவே வந்து போகிறது. சுண்டெலி பிடிக்கும், நன்றாக வளர்ந்த பெருச்சாளியிடம் நெருங்காது. பெருச்சாளி நின்று சீறினால் பூனை வேறு வேலை இருக்கிற மாதிரி திரும்பிப் போவதைப் பார்க்க வேண்டும். பூனையைப் பற்றி வேடிக்கையான ஒரு விஷயம் உண்டு. டாக்ஸோபிளாஸ்மா என்று ஓர் ஒட்டுண்ணி, அது முழு வாழ்க்கையை முடிக்கப் பூனையின் குடலுக்குள் போயாக வேண்டும். அது புகுந்த எலிகள் பூனை வாடைக்குப் பயப்படாமல் அந்தப் பக்கமே போகின்றன என்று ஆக்ஸ்ஃபோர்டில் 2000 இல் காட்டினார்கள். பயத்தை எடுத்துவிட்டால் எலி எவ்வளவு சுலபமாகச் சாகும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குத் தெரிந்திருக்கிறது. பயமில்லாத எலி சாவதில் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மருந்து தின்ற எலி தனியாகச் சாவதில்லை என்பதுதான் நஷ்டம்.

சாரைக்கு நான் அதிகம் எழுதப் போவதில்லை. விஷமில்லாத பாம்பு, எலி வளைக்குள்ளேயே போய்க் குட்டியோடு தின்கிற பிராணி, கூகையால் முடியாத வேலை அது. எலி இருக்கிற வரைக்கும் அந்தத் தோட்டத்துக்கு ஏதாவது ஒரு பாம்பு வரத்தான் செய்யும், சாரை போனால் நல்ல பாம்போ கண்ணாடிவிரியனோ வரட்டும் என்கிறீர்களா? பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் போவார்களே என்று ஆச்சி பயப்படுவது நியாயம்தான். கல்யாணத்தன்று பாம்பு பிடிக்கிற பயிற்சி உள்ளவர் ஒருவரை வரச்சொல்லி வைத்துக்கொள்ளலாம், தோட்ட வாசலுக்கு ஓர் ஆளையும் போடலாம். நம் மாமரத்து அணில்கள் வாலைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டு விடாமல் ஒரே சீராகக் கத்தினால் கீழே பார்த்து நடக்கச் சொல்லுங்கள், அநேகமாகச் சாரை அங்கேதான் இருக்கும். இன்னொன்று, கூகையும் சாரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்களில் இருப்பவை. ஆள் வைத்து அடித்ததைப் படத்தோடு குழுவில் போட்டு வைத்தால் நாளைக்கு அது சாட்சியாகத்தான் நிற்கும்.

திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறது. நான் உங்களிடம் அவ்வளவு பெரிய தியாகம் எதுவும் கேட்கவில்லை.

கேட்பது இதுதான். உங்கள் அறையைத் திறக்க வாருங்கள், வர முடியாதவர்கள் சாவியைக் கூரியரில் அனுப்புங்கள். மெத்தை, பாய், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வெயிலில் போட்டு, வேண்டியதை இரும்புப் பெட்டிக்கும் தகர டிரம்முக்கும் மாற்றி, வேண்டாததைக் கொடுத்துவிடலாம். எதைத் தூக்கிப்போட்டேன் என்று பிறகு என்னைக் கேட்கக்கூடாது என்பதால் வீடியோ காலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வளவிலிருந்து மழைத்தண்ணீர் வெளியே போகிற தூம்புகள், நிலைக்குக் கீழே இருக்கிற சந்து, மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவற்றுக்கு நெருக்கமான இரும்பு வலை வேண்டும். சுண்டெலிக்கு உங்கள் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையே அதிகம், அதனால் கோழிக்கூண்டு வலை உதவாது. கூகை வந்து போகிற ஜன்னல் மட்டும் திறந்தே இருக்கட்டும், பரணுக்குக் கீழே கதவைச் சாத்திவிட்டால் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

மிச்சத்துக்குப் பொறி. மருந்து ஆளுக்குக் கொடுத்த முன்பணத்தில் பாதிக்கு வேண்டிய பொறி வாங்கிவிடலாம். நடு வளவில் வைத்துப் பிரயோசனம் இல்லை, அந்தக் கறுப்புக் கோடு ஓடுகிற சுவரோரத்தில், வாய் சுவரைப் பார்த்த மாதிரி வைக்க வேண்டும். முதல் சில ராத்திரிகள் மசால் வடையை வைத்துப் பொறியைக் கட்டாமல் சும்மா விட்டுவிட வேண்டும், எலி அதைப் புதுசு என்று நினைப்பதை விட்ட பிறகு ஒரே ராத்திரியில் எல்லாப் பொறியையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தஞ்சாவூர்க் கிட்டி என்கிற மூங்கில் பொறியை வைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்து ஊரில் இருக்கிறார், தோட்டத்துப் பெருச்சாளி வளைகளுக்கு அவரைக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். செத்த எலியைக் கையில் எடுத்துப் புதைத்தோம் என்ற நிச்சயம் பொறியில் உண்டு. மருந்தில் அது கிடையாது. மச்சுத் தேக்குப் பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவே போய்ச் செத்த ஒரு எலி போதும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் கவுனியரிசிக்குக் கை நீட்டுவதற்கு முன் மூக்கைப் பிடிக்க. பலகையைப் பெயர்க்காமல் அதை எடுக்க முடியாது, அந்தப் பலகையைப் பெயர்க்க நீங்கள் யாரும் கையெழுத்துப் போட மாட்டீர்கள்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. குஞ்சுகள் சித்திரை முடிவதற்குள் பறந்துவிடும் போலத்தான் தெரிகிறது, அதற்குப் பிறகு பரணைக் கூட்டிச் சுத்தம் பண்ண நானே ஆள் வைக்கிறேன். வலைக்கும் கொத்தனாருக்கும் ஆகிற செலவைப் பங்குக்கு இவ்வளவு என்று பிரித்துக் குழுவில் போடுகிறேன். என் பங்கு முதலில். மருந்து ஆளிடம் பேசினவர் யாரோ அவரே கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் அவர் கேட்கவில்லை, "மெட்ராஸ்காரங்க சொல்லட்டும்" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வந்தால் திங்கட்கிழமை காரைக்குடி போய் வலை வாங்கிவிடுவேன்.

இப்படிக்கு,
வீட்டோடு இருக்கும் உங்கள் பங்காளி

பி.கு.: பெரியப்பச்சி அறைச் சாவி ஏற்கெனவே என்னிடம்தான் இருக்கிறது. திறந்து பார்த்தேன். அந்த மெத்தையைப் பற்றி அவரிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன், இங்கே வேண்டாம்.